கூறியது கூறல் எங்கே குற்றமாகாது

ஒரு நூலில் இருக்கக் கூடாத பத்துக் குற்றங்களை நன்னூல் பாயிரம் வரிசைப்படுத்துகிறது. குன்றக் கூறல், மிகைபடக் கூறல் ஆகிய இரண்டையும் அடுத்து மூன்றாவதாக அங்கே நிற்பது ‘கூறியது கூறல்’. தொல்காப்பிய மரபியலும் இதைக் குற்றமாகவே எண்ணுகிறது. ஆனால் செய்யுளின் அழகுகளை வகுத்துச் சொல்ல வந்த தண்டியலங்காரம், முன் வந்த சொல்லோ பொருளோ பின்னும் பல இடத்தில் வருவதைப் ‘பின்வருநிலை’ என்று பெயரிட்டு, அணிகளின் வரிசையில் உட்கார வைக்கிறது. ஒரே செயல் ஓரிடத்தில் குற்றமாகவும் மற்றோரிடத்தில் அணியாகவும் எண்ணப்படுவதில் முரண்பாடு எதுவும் இல்லை. நன்னூலார் பேசுவது ஒரு பொருளைக் கற்பிக்க எழுதப்படும் நூலைப் பற்றி. அங்கே ஒரு செய்தி ஒருமுறை விளங்கிவிட்டால் அதை மீண்டும் சொல்வதால் கற்பவனுக்கு வரவு எதுவும் இல்லை. கவிதையிலோ முதல்முறை கேட்ட சொல்லை இரண்டாம் முறை கேட்பதற்குள் கேட்பவன் கொஞ்சம் மாறிவிடுகிறான். இடையில் ஓர் அடி கடந்திருக்கும், ஒரு காட்சி தோன்றியிருக்கும், அல்லது எதுவும் நிகழாமல் ஓர் எதிர்பார்ப்பு மட்டும் வளர்ந்திருக்கும். எழுத்து மாறாமல் வந்தாலும் சொல் அதே இடத்தில் வந்து விழுவதில்லை.

இந்த வேறுபாட்டை நம் இலக்கணக்காரர்கள் சொல் அளவிலேயே கண்டுகொண்டார்கள். ஒரு சொல் அடுக்கி வருவதைத் தொல்காப்பிய எச்சவியல் இசைநிறை (ஓசையை நிறைக்க வருவது), அசைநிலை (தனிப் பொருளின்றி அசையாக நிற்பது), பொருளொடு புணர்தல் (ஒரு பொருளை உணர்த்த வருவது) என்று மூன்றாகப் பிரிக்கிறது. ‘பாம்பு பாம்பு’ என்று ஒருவர் கத்தும்போது, இரண்டாவது ‘பாம்பு’ அங்கே இன்னொரு பாம்பு இருப்பதைச் சொல்லவில்லை. சொல்பவரின் அச்சத்தையும் அவசரத்தையும் சொல்கிறது. அதாவது முதற்சொல் பொருளைச் சுட்டுகிறது, இரண்டாம் சொல் சொல்பவரைச் சுட்டுகிறது. இவ்வகை அடுக்கு விரைவு, வெகுளி, உவகை, அச்சம், அவலம் முதலியவற்றைக் காட்ட வரும் என்று உரைகாரர்கள் பட்டியலிட்டிருப்பதும் இதனால்தான். இதற்கு எல்லையும் வகுக்கப்பட்டிருக்கிறது: விரைவு பற்றி அடுக்கினால் மூன்று, இசை பற்றி அடுக்கினால் நான்கு. அதற்கு மேல் அடுக்கினால் என்ன ஆகும் என்பதை இலக்கணம் விரித்துச் சொல்லவில்லை. ஏதேனும் ஒரு சொல்லை நாமே நிறுத்தாமல் முப்பது நாற்பது முறை உரக்கச் சொல்லிப் பார்த்தால் அது தெரியும்: பொருள் கழன்றுபோய் வெறும் ஒலி எஞ்சும். உளவியலாளர்கள் இதைத் தனியே ஆராய்ந்திருக்கிறார்கள். ஆகவே திரும்பச் சொல்லுதல் பொருளைக் கூட்டுவதும் உண்டு, கரைப்பதும் உண்டு. எது நிகழும் என்பது, திரும்பி வரும் சொற்களுக்கு நடுவே கவிஞர் எதை வைக்கிறார் என்பதைப் பொறுத்தது.

பொதுவாகத் திரும்ப வரும் சொல்லை ‘அழுத்தம் தருகிறது’ என்று சொல்லிவிட்டுக் கடந்துபோகிறோம். பள்ளிக்கூட விளக்கவுரைகளில் ஊறிப்போன பதில் அது. பொய்யில்லை, ஆனால் அதனால் பெரிதாக எதுவும் விளங்குவதில்லை. ஒரு கவிதையில் திரும்ப வரும் பகுதி பெரும்பாலும் பின்புலமாகவே வேலை செய்கிறது. வெள்ளைத் துணியில் ஒரு துளி மை கண்ணைப் பறிப்பது போல, ஒரே மாதிரியான அமைப்புக்கு நடுவில் திரும்பாமல் நிற்கும் ஒற்றைச் சொல்தான் நம்மைத் தாக்குகிறது. எனவே திரும்ப வருவதைக் கண்டவுடன் நாம் தேட வேண்டியது, அந்த வரிசையில் சேராமல் விலகி நிற்பது எது என்பதை.

இதற்குப் புறநானூற்றின் 112ஆம் பாட்டைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன். பறம்பு மலையை மூவேந்தரும் முற்றிப் பாரி இறந்த பிறகு அவன் மகளிர் பாடியது அது, ஐந்தே அடிகள்.

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம் எம்குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

முதலடியும் மூன்றாமடியும் ஏறக்குறைய ஒன்றுதான். ‘அ’ என்னும் சுட்டு இருந்த இரண்டு இடங்களிலும் ‘இ’ வந்து அமர்ந்திருக்கிறது. மற்றபடி திங்களும் அதே, வெண்ணிலவும் அதே. நிலவு அதே நிலவாக இருப்பதுதான் அந்தப் பெண்களுக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது என்பதை அவர்கள் சொல்லவே இல்லை. அடி திரும்பி வருவதே அதைச் சொல்லிவிடுகிறது. ‘நிலவு மாறவில்லை, எங்கள் வாழ்வு மாறிவிட்டது’ என்று வெளிப்படையாக எழுதியிருந்தால் அது ஒரு கருத்தாக மட்டும் நின்றிருக்கும். இங்கே வாசிப்பவர் முதலடியைக் கடந்து மூன்றாமடிக்கு வரும்போது, தாமே அந்த நிலவை இரண்டாம் முறை பார்த்துவிடுகிறார்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது வரிசை. அன்று: தந்தை, பிறகு குன்று. இன்று: குன்று, பிறகு தந்தை. வரிசையைத் தலைகீழாக்கியதால் தந்தையின் இன்மை பாட்டின் கடைசிச் சொல்லாக வந்து விழுகிறது. அன்றைய வரிசையையே வைத்து ‘எந்தையும் இலம், எம் குன்றும் கொண்டார்’ என்று முடித்திருந்தால் அது நாடிழந்த அரச குடும்பத்தின் முறையீடாக ஒலித்திருக்கும். இப்போது நாடிழந்ததற்குப் பின்னும் இழக்க ஒன்று இருந்தது தெரிகிறது. ‘எந்தையும்’ என்ற சொல் எழுத்து மாறாமல் இருமுறை வருகிறது. முதலில் வரும் ‘உம்’ இருப்பவற்றின் கணக்கில் ஒன்றைக் கூட்டுகிறது. பின்னால் வரும் ‘உம்’ இழந்தவற்றின் கணக்கில் ஒன்றைக் கூட்டுகிறது.

இனி, திரும்பாமல் விலகி நிற்பது எது? அன்றைய நிலைக்கு இரண்டு அடிகள், இன்றைய நிலைக்கு மூன்று. அந்தக் கூடுதல் அடி ‘வென்றெறி முரசின் வேந்தர்’ என்பது. அதற்கு முன்பகுதியில் இணை கிடையாது. அந்த அடியை மட்டும் எடுத்துவிட்டால் பாட்டின் இரு பாதிகளும் ஒன்றன் மேல் ஒன்றாகப் பொருந்திவிடும். மலைக்குள் புகுந்தவர்கள் பாட்டின் அமைப்புக்குள்ளும் அழைக்காமல் புகுந்திருக்கிறார்கள். பாரியின் மகளிர் இதைத் திட்டமிட்டுக் கணக்குப் போட்டுத்தான் அமைத்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. துயரம் இரு நிலவுகளை ஒப்பிடத் தொடங்கினால், நடுவில் வந்த ஒன்றைத் தனியாகத்தான் சொல்லியாக வேண்டும்.

முழு அடி திரும்புவதற்கு மாறாக, ஓர் இடைச்சொல் மட்டும் திரும்ப வந்து பாட்டைச் சுமப்பதும் உண்டு. குறுந்தொகை 28இல் ஔவையாரின் தலைவி ‘முட்டுவேன்கொல் தாக்குவேன்கொல்’ என்று, ஐயத்தைக் காட்டும் ‘கொல்’ என்ற இடைச்சொல்லை ஒரே மூச்சில் இருமுறை சொல்லிவிடுகிறாள். மூன்றாவதான ‘கூவுவேன்கொல்’ உடனே வருவதில்லை. ‘ஓரேன் யானும் ஓர் பெற்றி மேலிட்டு’ என்று தடுமாறி, ‘ஆஅ ஒல்லென’ என்று குரலை நீட்டிய பிறகே வருகிறது. மூன்று ஐயங்களும் இலக்கண அமைப்பில் ஒன்றே. அவற்றுக்கு இடையே உள்ள தூரம்தான் கூடிக்கொண்டே போகிறது. அதன் பிறகு ‘கொல்’ வருவதே இல்லை. அவள் நோயை அறியாமல் உறங்கும் ஊர் வருகிறது. ஐயத்தின் ஒலி நின்ற இடத்தில் ஊரின் உறக்கம் தொடங்குகிறது.

கம்பர் இடைச்சொல்லைத் திரும்பச் சொல்லும் முறை இன்னும் தந்திரமானது. ஆரணிய காண்டத்தில் அழகிய பெண்ணாக உருமாறி வரும் சூர்ப்பணகையைப் பற்றிய பாட்டின் பின்பாதி இது: ‘அஞ்சொலிள மஞ்ஞையென அன்னமென மின்னும் / வஞ்சியென நஞ்சமென வஞ்சமகள் வந்தாள்’. மயில் என, அன்னம் என, வஞ்சிக்கொடி என்று மூன்று உவமைகள் வரிசையாக வந்து, ‘என’ என்ற ஓசைக்குக் காது பழகிவிடுகிறது. அந்தப் பழக்கத்தின் மறைவில் நான்காவதாக ‘நஞ்சமென’ நுழைகிறது. உவமையின் உடையை மாற்றாமலேயே அது வருவதால், காது அதை முதலில் அழகுகளில் ஒன்றாகவே எண்ணி உள்ளே விட்டுவிடுகிறது. அறிவு ஒரு நொடி கழித்தே திடுக்கிடுகிறது. அரக்கி பெண்ணுருவில் வருவதும், நஞ்சு அழகிய உவமையின் உருவில் வருவதும் ஒரே செயல். இப்பாட்டின் முன்பாதியில் பஞ்சி, விஞ்சு, கஞ்சம் என்று ‘ஞ்ச’ ஒலி ஏற்கெனவே பரவிவிட்டது. பாதத்தின் மென்மையைச் சொல்ல வந்த அந்த ஒலி, வஞ்சி வழியாக நஞ்சத்துக்கும் வஞ்சத்துக்கும் வந்து சேர்கிறது. ஓரெழுத்து இடைவெளியில் நஞ்சமும் வஞ்சமும் நிற்கின்றன. எதுகை மோனைகளை ஓசை நயம் என்று மட்டும் சொல்லிக் கடப்பவர்கள், ஒத்த ஒலி உடைய சொற்களைப் பொருளிலும் உறவினராக்கிவிடும் இந்த ஆற்றலைத் தவறவிடுகிறார்கள்.

தண்டியலங்காரம் பின்வருநிலையைச் சொல் திரும்புவது, பொருள் திரும்புவது, சொல்லும் பொருளும் சேர்ந்து திரும்புவது என்று மூன்றாக வகுக்கிறது. வகுப்பது எளிது, குறளில் இவை அப்படிப் பிரிந்து நிற்பதில்லை. துறவு அதிகாரத்தின் கடைசிக் குறள் (350):

பற்றுக பற்றற்றான் பற்றினை அப்பற்றைப்
பற்றுக பற்று விடற்கு

ஏழு சீர்களில் ஆறில் ‘பற்று’ இருக்கிறது. ஓரிடத்தில் அது ஏவல், ஓரிடத்தில் இறைவனின் இயல்பைச் சொல்லும் பெயரின் பகுதி, ஓரிடத்தில் கொள்ள வேண்டிய பிடிப்பு, கடைசியில் விட வேண்டிய தளை. எதைப் பற்ற வேண்டும், எதை விட வேண்டும் என்று தனித்தனிச் சொற்களால் பிரித்துக் காட்ட வள்ளுவரால் முடியாதா என்ன? பிடிப்பதும் கட்டுண்பதும் மனத்தின் ஒரே செயல்தான் என்பதை, ஒரே சொல்லால் எல்லாவற்றையும் சொல்லி அவர் உணர்த்துகிறார். அதில் ஒட்டாமல் நிற்கும் ஏழாவது சீர் ‘விடற்கு’. குறளின் நோக்கமும் அதுதான். ‘பற்று’ இல்லாத ஒரே சீரும் அதுதான். இதே அதிகாரத்தின் முதற்குறளான ‘யாதனின் யாதனின் நீங்கியான்’ என்பதைச் சொல்கையில் உதடுகள் ஒட்டுவதில்லை என்றும், இந்தக் கடைசிக் குறளில் ஒட்டிக்கொண்டே இருக்கும் என்றும் மேடைகளில் சொல்வார்கள். சொல்லிப் பார்த்தால் அது உண்மைதான். எண்ணிச் செய்ததா, தானாக அமைந்ததா என்ற கேள்வியை எழுப்பாமலே அந்தப் பொருத்தத்தை ரசிக்கலாம். அதில் வியந்து அங்கேயே நின்றுவிட்டால்தான் மேலே சொன்ன ‘விடற்கு’ கண்ணில் படாமல் போகும்.

ஒரு தொடர் முழுமையாக, மாற்றமே இல்லாமல், பலமுறை திரும்பும்போது வேறொன்று நிகழ்கிறது. சிலப்பதிகாரத்தின் ஊர்சூழ் வரியில் கண்ணகி மதுரைத் தெருவில் கேட்கும் கேள்விகளை எடுத்துக்கொள்வோம்.

பெண்டிரும் உண்டுகொல் பெண்டிரும் உண்டுகொல்
கொண்ட கொழுநர் உறுகுறை தாங்குறூஉம்
பெண்டிரும் உண்டுகொல் பெண்டிரும் உண்டுகொல்

இதே அமைப்பில் ‘சான்றோரும் உண்டுகொல்’ என்று இரண்டாவதும், ‘தெய்வமும் உண்டுகொல்’ என்று மூன்றாவதும் வருகின்றன. ஒவ்வொன்றிலும் நடுவடி மட்டுமே புதுச் செய்தி தருகிறது. மேலும் கீழும் அதே கேள்வி, நான்கு முறை. முன்னிரண்டு முறை கேட்கப்படும்போது அது பெயர் சொல்லாத ஒரு கூக்குரல். நடுவடி வந்து, கணவனுக்கு நேர்ந்த குறையைத் தாங்கிக்கொண்டு வாழும் பெண்டிர் என்று அவர்களை வரையறுத்த பிறகு, பின்னிரண்டு முறை கேட்கப்படுவது கேள்வியாக இல்லை. எதிரில் நிற்பவர்கள் மீது சாட்டப்படும் குற்றமாக இருக்கிறது. சொற்கள் ஒன்றே, நடுவில் ஓரடி கடந்ததனால் கேள்விக்குறி உதிர்ந்துவிட்டது. பெண்டிர், சான்றோர், தெய்வம் என்று கேள்வி மேலே ஏறுவதும், ‘வைவாளின் தப்பிய மன்னவன் கூடலில்’ என்று கடைசி நடுவடியில்தான் மன்னவன் தோன்றுவதும், அவள் அடுத்து எங்கே செல்லப் போகிறாள் என்பதை முன்னறிவிக்கின்றன. அடுத்து வருவது வழக்குரை காதை. நான்கு முறை என்பது தொல்காப்பியம் வகுத்த எல்லையோடு ஒத்துப்போகிறது என்பதைக் குறித்துக்கொள்கிறேன். அதிலிருந்து எதையும் நிறுவ நான் முயலவில்லை.

இந்த இடத்தை வாசிக்கும்போது காப்பியத்தின் தொடக்கம் நினைவுக்கு வராமல் இருக்காது. ‘திங்களைப் போற்றுதும் திங்களைப் போற்றுதும்’ என்று மங்கல வாழ்த்துப் பாடல் தொடங்குகிறது. ஞாயிறும் மாமழையும் பூம்புகாரும் அதே இரட்டிப்பில் வாழ்த்தப்படுகின்றன. அங்கே ஒவ்வொரு இரட்டிப்புக்கும் பிறகு காரணம் சொல்லப்படுகிறது: சோழனின் வெண்குடை போல உலகுக்கு அளி செய்வதால் திங்கள், அவன் ஆணைச் சக்கரம் போல மேருவை வலம் வருவதால் ஞாயிறு. அரசன் முறை செய்வான், ஆகவே இயற்கையும் முறையாக இயங்கும் என்ற நம்பிக்கையில் அந்த இரட்டிப்பு நிற்கிறது. ஊர்சூழ் வரியிலும் இரட்டித்துச் சொல்லும் அதே ஓசை. ஆனால் காரணம் வர வேண்டிய இடத்தில் காரணம் இல்லை. கேள்வி தன்னிடமே திரும்பி வந்து முடிகிறது. வாழ்த்துக்கு உரிய ஓசையைக் கண்ணகியின் வாயில் குற்றச்சாட்டாகக் கேட்கும்போது, மதுரையில் உடைந்தது ஒரு சிலம்பு மட்டுமன்று என்பது தெரிகிறது. திரும்ப வருதல் இப்படி ஒரு பாட்டின் எல்லையைத் தாண்டி, நூலின் இரு தொலைவான இடங்களைச் சேர்த்துக் கட்டவும் செய்யும்.

பல்லவிக்கு வருவோம். பாரதியின் ‘அச்சமில்லை அச்சமில்லை அச்சமென்ப தில்லையே’ என்ற அடி பாட்டு நெடுகிலும் மாறுவதில்லை. மாறுவது அதனோடு சேர்ந்து வரும் ‘போதினும்’ அடிகள். உலகமே எதிர்த்து நிற்பதில் தொடங்கி, நம்மைத் துச்சமாக எண்ணித் தூறு செய்வது, பிச்சை எடுத்து உண்பது, ஆசைப்பட்ட பொருளை எல்லாம் இழப்பது என்று வந்து, நண்பரே நஞ்சூட்டுவதும் படை வருவதும் வானம் இடிந்து விழுவதுமாக அவை நீள்கின்றன. பல்லவி முதல்முறை வரும்போது அது வெறும் கூற்று; யாரும் சொல்லிவிடலாம். ஒவ்வொரு துன்பத்தைக் கடந்தும் அது எழுத்து மாறாமல் திரும்பும்போதுதான், மாறாமல் இருப்பதே அச்சமின்மையாகிறது. இன்னொன்றும் உண்டு. அச்சமே இல்லாதவன் அச்சமில்லை என்று இத்தனை முறை சொல்ல வேண்டியதில்லை. பாட்டில் மிகுதியாகக் கேட்கும் சொல்லும் ‘அச்சம்’தான். அச்சத்தைத் தனக்குத் தானே சொல்லிச் சொல்லி விரட்டும் ஒருவரின் குரலாகவும் அதைக் கேட்க முடியும். அப்படிக் கேட்டால் பாட்டின் வீரம் குறைவதில்லை, நமக்கு நெருக்கமாகிறது.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். கவியரங்க மேடைகளில் ஒவ்வொரு வரியையும் இருமுறை படிக்கும் வழக்கம் இருக்கிறது. அது கேட்போருக்கு வரியைப் பிடித்துக்கொள்ள அவகாசம் தருகிறது, கைதட்டலுக்கு இடம் விடுகிறது. கவிதையின் உள்ளமைப்போடு அதற்குத் தொடர்பு இல்லை. பிரித்தறிய எளிய வழி, திரும்ப வரும் இடங்களில் ஒன்றை நீக்கிப் படிப்பதுதான். புறநானூற்றுப் பாட்டின் மூன்றாமடியை நீக்கினால் பாட்டே சரிந்துவிடும். நான்கு முறை வரும் சொல்லை இரண்டாகக் குறைத்தும் எதுவும் குறையாத கவிதைகள் இன்று நிறையவே எழுதப்படுகின்றன. அவற்றில் திரும்ப வருவது ஓசைக்கு முட்டுக்கொடுக்கத்தான். நன்னூலாரின் குற்றப் பட்டியல் அவற்றுக்குப் பொருந்தும்.

பொருள் கரைந்துபோகும்படி திரும்பச் சொல்வதையே பயனாக்கிக்கொண்ட மரபும் நம்மிடம் உண்டு. திருப்பாவையின் 30 பாட்டுகளும் திருவெம்பாவையின் 20 பாட்டுகளும் ‘ஏலோர் எம்பாவாய்’ என்று முடிகின்றன. அந்தத் தொடரைச் சொல் பிரித்து விளக்க உரைகாரர்கள் முயன்றிருக்கிறார்கள். ஆனால் பாடுபவர் யாரும் ஒவ்வொரு முறையும் அதன் பொருளை எண்ணுவதில்லை. ஒவ்வொரு பாட்டும் வந்து சேரும் கரையாக அது இருக்கிறது. பாட்டுக்குள் என்னென்ன காட்சிகள் விரிந்தாலும் குரல்கள் எல்லாம் ஒன்றாகச் சேரும் இடம் அது. தனியாக வாசிப்பவருக்கு அது வெறும் முடிபு, கூடிப் பாடுபவர்களுக்கு அழைப்பு.

அந்தாதியில் திரும்ப வரும் சொல் முடிவையும் தொடக்கத்தையும் ஒன்றாக்குகிறது. ஒரு பாட்டின் இறுதிச் சொல்லே அடுத்த பாட்டின் முதற்சொல்லாவதால், இடையில் ஒரு பாட்டு தொலைந்தாலும் உடனே தெரிந்துவிடும். மனப்பாடமாகவே நூல்களைக் காத்த காலத்தில் இது பெரிய வசதி. வசதியைத் தாண்டிய பயன் நம்மாழ்வாரின் திருவாய்மொழியில் இருக்கிறது. அதன் முதற்பாசுரம் ‘உயர்வற உயர்நலம் உடையவன் யவன் அவன்’ என்று தொடங்குகிறது. ‘யவன் அவன்’ என்று மூன்று அடிகள் ஒரே மாதிரி முடிய, நான்காம் அடி மட்டும் அந்த வாய்பாட்டை விட்டு ‘தொழுது எழு என் மனனே’ என்று தன் நெஞ்சின் பக்கம் திரும்புகிறது. அங்கிருந்து 1102 பாசுரங்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு சென்று, கடைசிப் பாசுரம் ‘அறிந்தார் பிறந்தார் உயர்ந்தே’ என்று முடிகிறது. ‘உயர்’ என்னும் அதே சொல்தான். தொடக்கத்தில் அது இறைவனுடைய நலத்தின் அளவைச் சொன்னது. இறுதியில் இந்தப் பாட்டுகளை அறிந்த மனிதர்களின் பிறப்பைச் சொல்கிறது. அந்தாதி முறைப்படி அந்தச் சொல்லைப் பற்றிக்கொண்டு மீண்டும் முதற்பாசுரத்துக்குப் போகிறவர், ‘உயர்வற’ என்று தொடங்கும்போது முதல்முறை படித்த அதே சொல்லைப் படிப்பதில்லை.